கருவிழி மீதான தீர்மானம்

ஒரு தனிமனிதனின் கருவிழி எவ்வளவு தடிமனாக இருந்தால் போதும் என்பதை ஒரு குழு கூடி, கை தூக்கி, பெரும்பான்மை வாக்கில் நிர்ணயித்தது மனித நாகரிகத்திலேயே அதுதான் முதல் முறை. நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் கூட்டம் போட்டுத்தான் கண்டுபிடித்தார்களா என்று தெரியவில்லை. போட்டிருந்தால் நடவடிக்கைக் குறிப்பு எங்காவது கிடைத்திருக்கும். இந்தக் கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறது. பதினோரு கையெழுத்துகள் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று, கருவிழிக்குச் சொந்தக்காரரின் சம்மதம். அப்படிப்பட்ட சில்லறை விஷயங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் நாகரிகம் எப்போது முன்னேறுவது?

சொந்தக்காரர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, பிழையைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் சரியானதை எழுதிக் கொடுப்பது அவர் வேலை. வயது நாற்பத்து நான்கு. கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது. இரண்டாம் வகுப்பில் சக மாணவர்கள் வழங்கிய 'சோடாபுட்டி' என்ற பட்டத்தை இன்றுவரை தாங்கி வருபவர். அச்சகத்தில் இருப்பவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள், ஆகவே 'சோடாபுட்டி சார்' என்பார்கள்.

அந்த அச்சகத்தின் பிழைப்பே மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள்கள்தான். 'இந்த மாத்திரையால் என்னென்ன ஆகலாம்' என்பதை யாரும் படித்துவிடாதபடி அச்சிடுவது தனிக் கலை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதைப் படிக்க வேண்டி வந்தால் சோடாபுட்டியார் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிவிடுவார். தாளை மூக்கிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடிப்பார். மற்றவர்களுக்கு எறும்பாகத் தெரிவது அவருக்கு எறும்பின் மீசையோடு தெரியும். ஒரு தடவை குழந்தைகளின் இருமல் மருந்துத் தாளில் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்த புள்ளி காணாமல் போய், இரண்டரை மில்லி இருபத்தைந்து மில்லியாக ஊதியிருந்ததைப் பிடித்தவர் அவர். அதற்குப் பாராட்டு ஒன்றும் வரவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யார் மாலை போடுகிறார்கள்?

மேலாளர் விஷயம் வேறு. அவர் நடந்தவற்றுக்கு மட்டுமே மாலை வாங்குபவர். இரண்டு மாதம் முன்பு தம் ஐம்பத்தோராவது வயதில் அவர் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டார். அன்றிலிருந்து ஊழியர்கள் அவரைத் 'தொலைநோக்கு' என்று அழைக்கலானார்கள். பாராட்டு என்று நினைத்து அவரும் அதை ஏற்றுக்கொண்டார். உண்மையில் அது மருத்துவ விவரம். தொலைவில் இருப்பது எல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் படிப்பதற்குத் தனிக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் 'கண்ணாடியிலிருந்து விடுதலை' பெற்றவர் மறுபடி கண்ணாடி போடலாமா? விடுதலையின் மானம் என்னாவது? ஆகவே கோப்புகளைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்தார். கை நீளம் போதாத கோப்புகளில் நம்பிக்கையின் பேரில் கையெழுத்திட்டார்.

ஒரு திங்கட்கிழமை அவர் சோடாபுட்டியாரைத் தம் அறைக்கு அழைத்தார்.

"வாங்க வாங்க. ஜன்னல் வழியா அந்த டவர் தெரியுதா?"

"டவர் மாதிரி ஏதோ தெரியுது சார்."

"அதோட உச்சியில ஒரு காக்கா. இடது கால்ல நகம் உடைஞ்சிருக்கு."

"அட."

"இதுதான்யா பார்வை!" என்ற மேலாளர், மேசையில் எதையோ துழாவி, பேனாவென்று நினைத்துத் துளையிடும் ஊசியை எடுத்துக்கொண்டார். "நமக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கு. எனக்கு ஆபரேஷன் பண்ணின மருத்துவமனை. கையேடு. தலைப்பு, 'உங்கள் கண்கள் லேசருக்குப் பொருத்தமானவையா?' பதினாறு பக்கம், ஒரு லட்சம் பிரதி."

"நல்ல விஷயம் சார். எல்லாருக்கும் தெரிய வேண்டியதுதான்."

"பதினோராம் பக்கத்துல ரெண்டு படம் வருது. 'முன்', 'பின்'. 'முன்' படத்துக்கு உங்களை விட்டா இந்த நாட்டுலயே ஆள் கிடையாது."

சோடாபுட்டியாருக்கு உடம்பு கூசியது. "'பின்' படத்துக்கு?"

"அதுவும் நீங்கதான். நடுவுல ஒரு ஆபரேஷன் வரும். கண்ணுக்கு அஞ்சு நிமிஷம். அவங்களே இலவசமா பண்ணித் தர்றாங்க."

"என் கண்ணு அதுக்கு ஒத்துக்கணுமே சார்."

"நான் மேலாளரா வந்ததுக்கப்புறம் இந்த அச்சகத்துல எது ஒத்துக்காம இருந்திருக்கு?"

அது மறுக்க முடியாத உண்மை. மறுநாளே 'முன்' படம் எடுக்கப்பட்டது. கண்ணாடி நன்றாகத் தெரிய வேண்டும் என்று புகைப்படக்காரர் விளக்கைச் சரித்துச் சரித்து வைத்ததில், படத்தில் சோடாபுட்டியார் இரண்டு பாட்டில்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் போல வந்திருந்தார். அற்புதமான 'முன்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குடிநீர் விநியோக அலுவலகத்தில் தொலைபேசிப் புகார் கேட்பது அவர் உத்தியோகம். நாள் முழுக்க 'தண்ணி வரல' என்றும், மழை நாளில் 'தண்ணி போகல' என்றும் கேட்டுக் கேட்டு, எதிராளி சொல்லாததையும் கேட்கப் பழகிய காது.

"உங்களுக்கு ஆசையா இருக்கா, இல்ல அவருக்கு ஆசையா இருக்கா?"

"அவருக்குத்தான்."

மனைவி கத்தியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"எனக்கும்தான்," என்றார் சோடாபுட்டியார். "காலையில கண்ணு முழிச்சதும் உன் முகம் தெரியணும். பதினெட்டு வருஷமா தலைமாட்டுல தடவித் தடவி கண்ணாடி அகப்பட்ட பிறகுதான் நீ வர்ற. அதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு அசையுது, அவ்வளவுதான். ஒரு நாளாவது நேரா உன்னைப் பார்த்துட்டு எழுந்திருக்கணும்."

மனைவி மிச்சக் காயையும் நறுக்கி முடித்தார். பிறகு காயைச் சட்டியில் போட்டார்.

"காலையில என் மூஞ்சி உங்களுக்கு மங்கலா தெரியறதாலதான் இந்தக் குடும்பம் ஓடுதுன்னு நான் நினைச்சிட்டிருக்கேன். சரி, டெஸ்ட் பண்ணிப் பாருங்க. டெஸ்ட் பண்ணாம எதுக்கும் தலையாட்டாதீங்க. நானும் வர்றேன்."

மருத்துவமனை என்று சொல்ல மனம் வராத அளவுக்கு அந்தக் கட்டடம் பளபளப்பாக இருந்தது. நோய் என்ற சொல் உள்ளே நுழைய வெட்கப்படும். வரவேற்பறையைத் தாண்டியதும் ஓர் 'ஆலோசகி' அவர்களை உட்கார வைத்து, பொருத்தம் பார்க்கும் படிவத்தை எடுத்தார். திருமணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு புன்னகைக்க மாட்டார்கள்.

"கண்ணாடியால் நீங்க படற துயரம் எப்படிப்பட்டது சார்? அ, தாங்க முடியாதது. ஆ, சொல்ல முடியாதது. இ, ரெண்டும்."

"துயரம்னு பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. மழையில நனைஞ்சா துடைக்கணும்."

"அதுக்குக் கட்டம் இல்லையே சார். 'இ' போட்டுடறேன். கடைசி ஒரு வருஷத்துல பவர் மாறியிருக்கா?"

"அரை ஏறியிருக்கு."

ஆலோசகி 'நிலையாக உள்ளது' என்று எழுதினார்.

"ஏறியிருக்குன்னு சொன்னாரே?" என்றார் மனைவி.

"அரைதானே மேடம்."

"எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான். தெருவுல அரை அடி தண்ணி நின்னா 'லேசான ஈரம்'னு எழுதிக்குவோம்," என்றார் மனைவி, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பாராட்டும் தொனியில்.

அடுத்தது சோதனைகள். ஓர் இயந்திரம் கண்ணில் 'புஸ்' என்று காற்றடித்து அழுத்தம் பார்த்தது. இன்னொன்று கருவிழியை மலைப்பிரதேச வரைபடம் மாதிரி பல நிறத்தில் படம் போட்டது. மூன்றாவது அதன் தடிமனை அளந்தது. பிறகு ஒரு செவிலியர் கீழ் இமைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார்.

"கண்ணீர் ரொம்பக் கம்மியா இருக்கே. கண்ணு வறண்டிருக்கு."

"இதுக்கு எதுக்கு பேப்பரு? எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றார் மனைவி. "எங்க கல்யாண ஆல்பத்துல மொத்தப் பேரும் கண்ணைத் துடைச்சிட்டு நிப்பாங்க, இவரைத் தவிர."

கடைசியாகக் கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டார்கள். அரை மணி நேரத்தில் சோடாபுட்டியாருக்குக் கண்ணாடி போட்டும் பக்கத்தில் எதுவும் தெரியவில்லை. சொந்தக் கைரேகையே கரைந்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில் ஆலோசகி ஒன்பது பக்கச் சம்மதப் படிவத்தை நீட்டினார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசியில ஒண்ணு. டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடி போட்டு வச்சிட்டா நேரம் மிச்சம் சார்."

"சொட்டு மருந்து விட்ட பிறகா படிக்கக் கொடுப்பீங்க?"

"படிக்க இல்ல சார். கையெழுத்துப் போடறதுக்கு. எல்லாரும் சொட்டு விட்ட பிறகுதான் போடுவாங்க. அதுதான் நடைமுறை."

நடைமுறையை மதிப்பவர்தான் சோடாபுட்டியார். ஆனால் இருபது வருடத்துத் தொழில் புத்தி விடவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றினார். படிவத்தை மூக்கருகே கொண்டுபோனார். நாலு விரல் தூரத்தில் எழுத்துகள் வழக்கம்போல வந்து வரிசையில் நின்றன. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

ஆலோசகியின் புன்னகை மூன்றாம் பக்கத்தில் தளர்ந்தது. ஐந்தாம் பக்கத்தில் காணாமல் போனது.

"ஏழாவது பக்கம், பதினாலாவது பத்தி," என்றார் சோடாபுட்டியார். "'பொருந்தாது என மருத்துவர் கருதினாலும், பொருந்தும் என நான் கருதுவதால்'ன்னு ஆரம்பிக்குது. அப்புறம் 'கருவிழி'யில 'வி'க்கு மேல்விலங்கு விட்டுப்போய் 'கருவழி'ன்னு இருக்கு. ரெண்டையும் திருத்தணும்."

"சார், இதை... இதுவரைக்கும் யாரும் படிச்சதே இல்ல சார்," என்றார் ஆலோசகி. அவர் குரலில் முதல் முறையாக ஓர் உண்மையான மனுஷியின் பயம் இருந்தது.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகம் சிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அதுவே ஆறுதலாக இருந்தது. திரையில் அந்த மலைப்பிரதேச வரைபடத்தைப் போட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"அச்சகத்துல மெய்ப்புத் திருத்தறேன்."

"அப்போ உங்களுக்கு பேப்பர் கணக்குலயே சொல்லிடறேன். சாதாரணமா நாம எழுதற தாள் எவ்வளவு தடிமன் இருக்கும்?"

"எண்பது கிராம் தாள்னா நூறு மைக்ரான் வரும்."

"உங்க கருவிழி நானூத்தி அறுபது. நாலரைத் தாள்தான். பொதுவா அஞ்சரைத் தாள் பக்கமா இருக்கும். லேசர்ல முதல்ல மேலே ஒரு தாள் அளவுக்கு மூடி மாதிரி திறக்கணும். அப்புறம் உங்க பவருக்கு இன்னும் ஒரு தாளுக்கு மேலயே செதுக்கணும். மிச்சம் என்ன நிக்கும்?"

சோடாபுட்டியார் மனத்துக்குள் தாள்களைக் கழித்தார். "ரெண்டு தாளும் கொஞ்சமும்."

"அது தாங்காது. அதோட, இந்தக் கீழ்ப்பக்கம் பாருங்க, இந்தச் சிவப்பு. லேசா முன்னால புடைச்சிருக்கு. பலவீனமான சுவரை அழகுக்காகச் சுரண்டினா சுவரே சாஞ்சுடும். கண்ணும் வறட்சி. பவரும் இன்னும் ஏறுது. மூடி திறக்காத வேற முறையும் இருக்கு, ஆனா இந்தப் புடைப்பு இருக்கிறவரைக்கும் அதுவும் உங்களுக்கு வேண்டாம். இது மோசமான சிகிச்சைன்னு நான் சொல்லல. நான் தினம் செய்யறேன், எத்தனையோ பேர் நல்லாப் பார்க்கறாங்க. உங்க கண்ணுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்."

"கண்டிப்பாவா டாக்டர்?"

"கண்டிப்பா. இன்னொண்ணு, நீங்க இப்போ கண்ணாடி இல்லாம அந்தப் படிவத்தைப் படிச்சதா சொன்னாங்க. தூரப் பார்வையைச் சரி பண்ணினா, உங்க வயசுல அந்தக் கிட்டப் பார்வை போயிடும். படிக்கக் கண்ணாடி தேடணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து இந்தப் புடைப்பைக் காட்டிட்டுப் போங்க. கண்ணைக் கசக்கவே கசக்காதீங்க."

வெளியே வந்தபோது வெயில் விரிந்த கண்மணிக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடத்திப் போனார்.

"வருத்தமா?"

"லேசா."

"எனக்கும் லேசா," என்றார் மனைவி. பிடித்த கையை அவர் பேருந்து வந்த பிறகும் விடவில்லை.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். சாதாரண அச்சகமாக இருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மேலாளர் மருத்துவ அறிக்கையைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்து, முடியாமல், சோடாபுட்டியாரையே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, ஜனநாயகத்தின் தந்தையரில் ஒருவர் போல எழுந்து நின்றார்.

"ஒரே ஒரு டாக்டர். ஒரே ஒரு கருத்து. இதை வச்சு எப்படிய்யா முடிவு எடுக்கறது? பத்துப் பேரைக் கலந்துக்க வேண்டாமா?"

அன்று மாலையே 'பார்வைக் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் பதினொருவர். சோடாபுட்டியார் வாக்குரிமை இல்லாத சிறப்பு அழைப்பாளர். விவாதப் பொருள், 'நானூற்று அறுபது மைக்ரான் போதுமா?'

முதலில் பேசியவர் தாள் கிடங்குப் பொறுப்பாளர். அந்த அறையில் மைக்ரானைத் தினமும் கையாண்டவர் அவர்தான்.

"நாலரைத் தாள்ங்கறது ஒண்ணும் மட்டமில்லைங்க. நாம அதைவிட மெல்லிசுல எல்லாம் பைண்டிங் பண்ணியிருக்கோம். அப்படியும் பத்தலைன்னா பின்னால ஒரு அட்டை வச்சு ஒட்டிக்கலாம்."

"கண்ணுக்கா?" என்றார் அச்சு இயந்திரம் ஓட்டுபவர்.

"பொதுவா சொல்றேன்."

"நான் முப்பது வருஷமா மெஷின் ஓட்டறேன்," என்றார் அவர். "தாளு மெல்லிசா இருந்தா மெஷின்ல விடாதே, கிழியும். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. அந்தம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்காங்க."

"எதிர்மறைச் சிந்தனை," என்று மேலாளர் குறிக்கச் சொன்னார். "எனக்குப் பண்ணினாங்களே, கிழிஞ்சுதா? தெளிவா இருக்கேன்." இப்படிச் சொல்லித் தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டியவர், பக்கத்திலிருந்த பசைப் புட்டியை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். கிடங்குப் பொறுப்பாளர் பணிவோடு அதை வாங்கிக்கொண்டு குவளையைக் கொடுத்தார். அதை யாரும் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தார்கள், குழு நாகரிகம் கருதிக் கண்டுகொள்ளவில்லை.

வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், 'மேற்படி ஊழியரின் கருவிழி போதிய தடிமன் கொண்டது என்று இக்குழு கருதுகிறது. அதற்கு மாறான இயற்கை நிலை ஏதுமிருப்பின் அது உடனடியாகச் சரிசெய்துகொள்ளப்பட வேண்டும்' என்று தீர்மானம் நிறைவேறியது. வருகைப் பதிவுக்கென்று இயந்திரம் ஓட்டுபவரும் கையெழுத்திட வேண்டியதாயிற்று. பிரதி மருத்துவமனைக்குப் போனது.

இரண்டே நாளில் பதில் வந்தது. மருத்துவர் தீர்மானத்தின் அடியிலேயே ஒரு வரி எழுதித் திருப்பியிருந்தார்: 'தீர்மானத்தைக் கருவிழியின் பார்வைக்கு வைத்தேன். அது ஏற்க மறுக்கிறது.'

மேலாளருக்கு முகம் சிவந்தது. கையேடு அடுத்த வாரம் வெளிவர வேண்டும். 'முன்' தயார். 'பின்' இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். மருத்துவமனையின் விளம்பரப் பிரிவோடு தொலைபேசியில் கால் மணி நேரம் பேசினார். பேசிவிட்டு, தெளிவு பிறந்த முகத்தோடு வந்தார்.

"கண்ணாடியக் கழட்டுங்க."

"எதுக்கு சார்?"

"கழட்டுங்கய்யா. 'பின்' அவ்வளவுதானே?"

புகைப்படக்காரர் மறுபடி அழைக்கப்பட்டார். சோடாபுட்டியார் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி ஒரு வெளுத்த மூட்டத்தின் முன் நின்றார்.

"எந்தப் பக்கம் பார்க்கணும்?"

"சத்தம் வர்ற பக்கம் பாருங்க சார். கொஞ்சம் சிரிங்க. ஆங், இப்போ ரொம்பத் தெளிவா பார்க்கற மாதிரி இருக்கு!"

அந்தப் படத்துக்குக் கீழே வாசகம் தயாராக வந்திருந்தது: 'லேசருக்குப் பிறகு என் வாழ்க்கையில் எல்லாமே தெளிவாகத் தெரிகிறது.'

வியாழக்கிழமை பதினாறு பக்கமும் மெய்ப்புக்காக சோடாபுட்டியாரின் மேசைக்கு வந்தன. பத்துப் பக்கம் திருத்தினார். பதினோராம் பக்கத்தில் அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

எழுத்துப் பிழை இல்லை. ஒற்றுப் பிழை இல்லை. அடியில் 'பிழை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பொய்யாக அந்தக் கையெழுத்தைப் போட்டதில்லை. எங்கோ முகம் தெரியாத ஒருவர், அவரைப் போலவே நாலரைத் தாள் கண்ணோடு, தலைமாட்டில் கண்ணாடியைத் தடவுகிறவர், இந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சொட்டு மருந்து விட்ட பிறகு கையெழுத்துப் போடுவார் என்று அவருக்குத் தோன்றியது. இருமல் மருந்தில் விட்டுப்போன புள்ளி நினைவுக்கு வந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தார். வாசகத்தை ஒரே கோட்டில் அடித்தார். ஓரத்தில் மணிமணியான எழுத்தில் எழுதினார்:

'இந்த இரண்டு படங்களுக்கும் இடையே அறுவை எதுவும் நடக்கவில்லை. இவர் கண்ணுக்கு லேசர் பொருந்தாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். உங்கள் கருவிழியின் தடிமனை அளந்து, மருத்துவர் வாயால் பொருந்தும் என்று கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.'

ஒளிக்கவில்லை. நேராக மேலாளர் அறைக்கே எடுத்துப் போனார்.

"சார், பதினோராம் பக்கத்துல ஒரு திருத்தம் பண்ணியிருக்கேன். வாசகத்தையே மாத்தியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

மேலாளர் தாளை வாங்கி நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சுவர் தடுத்தது.

"நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி."

"இல்ல சார், இதை நீங்களே ஒரு தடவை படிக்கணும். நான் வேணா சத்தமா படிக்கட்டுமா?"

"என்னய்யா, எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார் மேலாளர், மானம் புண்பட்ட குரலில். விடுதலை பெற்றவரிடம் இப்படிக் கேட்கலாமா? தாளை மேசையில் வைத்து, 'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். 'சரி' என்பது பக்கத்தின் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் முடிந்தது.

கணினியில் பக்கம் அமைக்கும் பெண் திருத்தத்தைப் படித்துவிட்டு ஓடி வந்தார்.

"சார், நிஜமாவே இப்படியே ஏத்தணுமா?"

"கீழே கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"யாரோடது?"

அந்தப் பெண் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு போய் எழுத்துப் பிசகாமல் ஏற்றினார். இயந்திரம் ஓட்டுபவர் முதல் தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் படித்தார். பிறகு, 'மை நல்லாப் பிடிச்சிருக்கு' என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார்.

ஒரு லட்சம் பிரதிகள் ஊரெங்கும் போயின. மருத்துவமனை வரவேற்பறையில், வங்கிகளில், அலுவலகங்களில், கல்லூரிகளில், நூலகத்தின் வாசலில். சோடாபுட்டியார் தினமும் காலையில், வேலை போய்விட்டது என்ற செய்திக்குத் தயாராகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார்.

"பதினோராம் பக்கம் உங்க வேலையா?"

"ஆமா டாக்டர். உங்களுக்குச் சங்கடமா போச்சா?"

"உங்க படத்தைக் காட்டி, 'இவருக்குப் பண்ணின மாதிரியே எனக்கும் பண்ணுங்க'ன்னு இன்னிக்கு மட்டும் ஒன்பது பேர் வந்தாங்க."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"அளந்து பார்த்தேன். ரெண்டு பேருக்கு அதே மாதிரியே பண்ணிட்டேன். 'கண்ணாடியப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க'ன்னு அனுப்பிட்டேன்."

அந்த மாதக் கடைசியில் அச்சகத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மருத்துவமனையின் விளம்பரப் பிரிவிலிருந்து வந்திருந்த கடிதத்தை மேலாளர் பெருமையோடு உயர்த்திக் காட்டி, படிக்கும் பொறுப்பைச் சோடாபுட்டியாரிடம் ஒப்படைத்தார். சோடாபுட்டியார் நின்றுகொண்டு படித்தார். கையேடு எதிர்பார்ப்பை மிஞ்சிய வெற்றி. குறிப்பாகப் பதினோராம் பக்கம் மக்கள் மனத்தை மிகவும் கவர்ந்திருக்கிறது. ஆகவே இன்னும் இரண்டு லட்சம் பிரதிகள் தேவை. நிபந்தனை ஒன்றுதான்: ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

உத்தரவு உத்தரவுதான். ஓர் எழுத்துகூட மாற்றப்படவில்லை. மூன்று லட்சம் பிரதிகளையும் மக்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். விளம்பர அதிகாரிகள், வங்கி மேலாளர்கள், பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், நூலகத்துக்கு நாள் தவறாமல் வருகிறவர்கள். அத்தனை பேரும் நல்ல பார்வை வேண்டியவர்கள். அத்தனை பேரும் படித்தவர்கள். அந்தப் பக்கத்தைப் படித்தவர்தான் ஒருவரும் இல்லை.